நூற்றுப் பதினைந்தாம் லாட்

திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டு மேசையில் பாதிச் சோற்றோடு எழுந்துபோன கிறிஸ்டோபர், அதற்கப்புறம் ஐந்து நாளாக வீட்டில் யாரிடமும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. "காபி." "சாவி எங்க?" "அந்த ஃபேனப் போடு." அவ்வளவுதான். பேச்சுக்கும் ஏலத்தில் வைப்பதுபோல அடிமட்ட விலை வைத்துவிட்டார் போலிருந்தது.

விஷயம் இதுதான். கல்யாணமாகி முப்பது வருஷம் நிறைகிறது என்று மே மாதம் அவரும் மனைவி ஜெபஷீலாவும் ஒரு வாரம் ஐரோப்பா போய் வருவதாக ஏற்பாடு. ஏலக்காய் வியாபாரிக்கு வருஷத்தில் மே மாதம்தான் கொஞ்சம் மூச்சு விடுகிற மாதம். ஜெபஷீலா கட்டிய சீட்டு முடிந்து மூன்று லட்சம் வந்திருந்தது. பயணம் அதற்குள் அடங்க வேண்டும், கடைப் பணத்தில் கை வைக்கக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று தொடங்கிய பட்டியலை மகன் விஜய்ராஜ் சலித்துச் சலித்து இரண்டே ஊர்களில் கொண்டுவந்து நிறுத்தினான். ஒன்று ப்ராக், இன்னொன்று புடாபெஸ்ட். இரண்டும் பார்க்கப் பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி இருந்தாலும் செலவில் நம் கைக்கு எட்டுகிற ஊர்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ரசத்தை ஊற்றிக்கொண்டே விஜய்ராஜ் வாயை விட்டான். "புடாபெஸ்ட்லதானம்மா அக்கா இருக்கு."

அந்த வீட்டில் மூன்று வருஷமாக யாரும் சத்தமாகச் சொல்லாத சொல் அது. அக்கா என்றால் கிருபாவதி. அப்பாவைப் பெற்ற தாயின் பெயரைத் தாங்கிய மூத்த மகள். கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் மகன் சூரியபிரகாஷை உத்தமபாளையம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள். பையன் வேறு மதம், வேறு ஆட்கள். அன்றைக்குக் கிறிஸ்டோபர் கத்தவில்லை, அழவில்லை, போட்டோக்களைக் கிழிக்கவில்லை. மகளின் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் புடாபெஸ்ட்டில் வேலை கிடைத்து இருவரும் போனதுகூட ஜெபஷீலாவுக்கு மகன் மூலமாகத்தான் தெரியும்.

கையைக் கழுவிவிட்டு வந்த கிறிஸ்டோபர் அன்றைக்கு ஒரே ஒரு வரி சொன்னார்.

"அப்ப மத்த ஊரு."

இன்றைக்குச் சனிக்கிழமை. காலை ஒன்பதரைக்குத் தேனியிலிருந்து டிராவல்ஸ் பொன்னுராஜ் கூப்பிட்டுவிட்டான்.

"அக்கா, ரெண்டு நாட்டு விசாவுக்கும் ஆளுக்கொரு நேரம் பிடிச்சு வச்சிருக்கேன். திங்கக்கெழம சென்னையில நீங்க ரெண்டு பேரும் நிக்கணும். எந்த ஊர்ல தங்குறீகளோ அந்த நாட்டு ஃபாரந்தான் நெரப்பணும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஒண்ணச் சொல்லிருங்க. இன்னொண்ண விட்டுக் குடுத்துருவேன். பெறகு மாத்த முடியாதுக்கா."

"சொல்றேன் பொன்னுராஜு."

"அண்ணாச்சி ப்ராக்னு சொன்னதா விஜயன் சொன்னான். அதையே போட்டுரவா?"

ஜெபஷீலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணின்னுதான சொன்ன? நாலு மணிக்குச் சொல்றேன்."

போனை வைத்தாள். நாலு மணி தாண்டிவிட்டால் மகளைப் பார்க்காமல் நாலாவது வருஷம் ஆரம்பித்துவிடும். சாமான்யத்தில் இந்த வீட்டிலிருந்து இன்னொரு முறை யாரும் ஐரோப்பா கிளம்பப் போவதில்லை.

போடி கடைவீதியில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஏலக்காய் தரம் பிரிக்கிற கூடம். ஜெபஷீலா மாதிரிப் பைகளை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். முப்பது வருஷமாக அது அவள் வேலை. மலையிலிருந்து வருகிற ஒவ்வொரு சரக்கிலும் கைப்பிடி அள்ளி, பழுப்புக் காகிதப் பையில் போட்டு, எண் எழுதி, வாயை மடித்து, ஒரு பின் அடித்து வைப்பாள். அந்தப் பைதான் லாட் எண்ணோடு ஏலத்துக்குப் போகும்.

விஜய்ராஜ் மடிக்கணினியோடு எதிரே வந்து உட்கார்ந்தான். தன் வாயால் வந்த வினை என்று ஐந்து நாளாக அவனுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அதாவது, அவன் கணக்கில் சரியாக இறங்கவில்லை. பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

"அம்மா, ஒரு வழி இருக்கு. ப்ராக்குக்கே போங்க. அங்கன இருந்து புடாபெஸ்ட்டுக்கு ரயில் இருக்கு. ஏழு மணி நேரந்தான். அப்பாவ ஓட்டல்ல விட்டுட்டு நீங்க மட்டும் ஒரு நாள்..."

"என்னான்னு சொல்லிட்டுப் போறது? கடைக்குக் காய் வாங்கப் போறேன்னா?"

"ஏதாச்சும் சொல்லிக்கிருவோம்."

"ஏலே, எம் மகளப் பாக்க நான் திருட்டுத்தனமா போக மாட்டேன். போனா அவுககூடத்தான் போவேன்." நூற்றுப் பதிமூன்றாம் பையை மடித்துப் பின் அடித்தாள். "அவ என்ன களவாண்டுட்டா போனா?"

ஜெபஷீலா அடுத்த பையை எடுத்து நூற்றுப் பதினான்கு என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது. உள்ளே போட சரக்கு தீர்ந்துபோயிருந்தது. காலிப் பை. எண் மட்டும் இருந்தது.

ஏலத்தில் மாதிரிப் பையின் மேல் தோட்டத்தின் பெயர் இருக்காது. எண்தான். உள்ளங்கையில் கொட்டிப் பார்க்க வேண்டும், நிறம் பார்க்க வேண்டும், முகர வேண்டும், ஒரு காயை உடைத்துக் கடித்துப் பார்க்க வேண்டும், விலை சொல்ல வேண்டும். நல்ல சரக்கு யாருடையது என்று விலை விழுந்த பிறகுதான் தெரியும். இதைச் சொல்லிச் சொல்லியே கிறிஸ்டோபர் மீசையைத் தடவாத நாள் கிடையாது. "நான் ஒருநாளும் தோட்டத்துப் பேரக் கேட்டு வெல சொன்னதில்ல. சரக்கப் பாப்பேன், சொல்லுவேன், சொன்னா சொன்னதுதான்" என்பார். கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

"விஜயா, ரெண்டு ஊரப் பத்தியும் நீ எழுதி வச்சிருக்கேல்ல. அத எடு" என்றாள் ஜெபஷீலா.

"எதுக்கும்மா?"

"பேர மட்டும் விட்டுட்டு ரெண்டு தாள்ல எழுதப் போறேன். ஊருக்கொரு பை."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. "அம்மா, அப்ப ப்ராக்கக் கொஞ்சம் மட்டமா எழுதிருவோம். மழை, கூட்டம், பிக்பாக்கெட்டுன்னு."

"அதுக்குப் பேரு கலப்படம். இந்தக் கடையில அது கெடையாது. உள்ளத உள்ளபடி படி."

அவன் படித்தான். அவள் எழுதினாள். ஒரு ஊருக்கு மலைமேல் கோட்டை, சண்டையில் சேதமாகாத பழைய தெருக்கள், இரண்டு பக்கமும் சிலைகள் நிற்கும் கல் பாலம், மணி அடித்தால் அப்போஸ்தலர்கள் வரிசையாக வந்து எட்டிப் பார்க்கும் அறுநூறு வருஷத்துக் கடிகாரம். இன்னொன்றுக்கு நடுவே பெரிய ஆறு, ஒரு கரை மேடு, ஒரு கரை சமதளம், வெந்நீர் ஊற்றுக் குளங்கள், ஆற்றோரமாகவே ஓடுகிற டிராம், நூறு வருஷத்துக்கு மேலாக ஓடும் பாதாள ரயில், மிளகாய்த்தூள் குவித்து விற்கும் பெரிய சந்தை.

"ப்ராக்ல இன்னொண்ணும் இருக்கும்மா" என்று விஜய்ராஜ் இழுத்தான். "லூத்தருக்கு நூறு வருசத்துக்கு முந்தியே சபையில சீர்திருத்தம் பேசி, அதுக்காக உயிரோட கொளுத்தப்பட்ட ஒரு பிரசங்கி. அவரு பிரசங்கம் பண்ணுன கோயில் அங்கனதான் இருக்கு. இத எழுத வேணாம்மா. அப்பா அதுலயே விழுந்துருவாக."

ஜெபஷீலாவின் பேனா காகிதத்தில் புள்ளி வைத்துக்கொண்டு நின்றது. மகன் சொல்வது நிஜம். ஞாயிறு பள்ளியில் பத்து வருஷம் பாடம் எடுத்த மனுஷன் அவர். இந்த ஒரு வரி போதும், கோட்டை, பாலம், கடிகாரம் எதுவும் தேவையில்லை. எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

எழுதினாள். எழுதிவிட்டு, "கர்த்தரே, நீரே பாத்துக்கிரும்" என்று முணுமுணுத்தாள். இரண்டு தாள்களையும் பைகளில் போட்டு, வாயை மடித்து, பின் அடித்து, கடைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

ஒன்றரை மணிக்குக் கிறிஸ்டோபர் ஏலத்திலிருந்து திரும்பினார். தனியாக வரவில்லை. கூடவே அய்யாத்துரை அண்ணாச்சியும் வந்தார். அவரும் ஏலக்காய் வியாபாரிதான், இவரைவிடப் பத்து வயது மூத்தவர். போன வருஷம் மனைவியோடு பத்து நாளில் ஏழு நாடு பார்த்துவிட்டு வந்தவர். அதில் ப்ராக்கும் ஒன்று. அன்று முதல் போடியில் யார் எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் அது ப்ராக்கில்தான் போய் முடியும். கிறிஸ்டோபரின் மனசில் ப்ராக் இவ்வளவு உறுதியாக உட்கார்ந்ததில் அண்ணாச்சியின் கைபேசிப் படங்களுக்கும் பங்கு உண்டு.

ஜெபஷீலா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாச்சி வந்ததில் முதலில் திக்கென்றுதான் இருந்தது. அப்புறம் யோசித்தாள். சாட்சி இருந்தால் நல்லதுதான்.

"ரெண்டு லாட்டு வந்திருக்கு. பாத்து ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள்.

கிறிஸ்டோபர் பைகளைப் பார்த்தார். மேசை மேல் மாதிரி கொட்டிப் பார்ப்பதற்காக விரித்த வெள்ளைத் துணியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றை எடுத்தார். தட்டையாக இருந்தது. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதையும் முன்னும் பின்னும் திருப்பினார். ஐந்து நாளாக மனைவியை நேராகப் பார்க்காத மனுஷன் இப்போது நன்றாகவே பார்த்தார்.

"உள்ள காயி இல்ல போலருக்கே."

"ஊரு இருக்கு" என்றாள் ஜெபஷீலா. "பேரு எழுதல. நம்பர்தான். பேரக் கேக்காம சரக்க மட்டும் பாத்துச் சொல்லணும். நாலு மணிக்குள்ள பொன்னுராஜுக்குப் பதில் சொல்லணும்ல?"

விஜய்ராஜ் கணினித் திரைக்குப் பின்னால் முழு உடம்பையும் ஒளித்துக்கொள்ளப் பார்த்தான்.

அய்யாத்துரைக்கு ஒரே குஷி. "அட, நல்லாருக்கே. எங்க வீட்டுல இந்த ரோசன எவளுக்கும் வரல. கிறிஸ்டோபரு, நீதான் பேரு பாக்காத ஆளாச்சே, சொல்லுய்யா. குடு, நானே படிக்கேன்."

கிறிஸ்டோபருக்கு இனி வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. "படிங்க அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சி நூற்றுப் பதினான்கின் பின்னை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஏலக்காரரின் ராகத்திலேயே படித்தார். கோட்டை, பாலம், சிலைகள், கடிகாரம். பிரசங்கியின் கோயில் வந்ததும் கிறிஸ்டோபர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெபஷீலா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"குறை என்னான்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார் கிறிஸ்டோபர்.

"எழுதியிருக்கு. தெருவெல்லாம் உருண்டக் கல்லு பதிச்சது. மேடும் பள்ளமுமா இருக்கும். எந்நேரமும் கூட்டம். நடு ஊர்ல ரூம் வாடகை கூட." அண்ணாச்சி தாளைக் கீழே வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சுமாரான ஊராத் தெரியுதுய்யா. கல்லுத் தெருவுல காசு குடுத்து நடக்கணுமா? இது எந்த ஊருன்னு தெரியல, ஆனா நான் போன பக்கம் எதுவும் இப்புடி இல்ல."

விஜய்ராஜுக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினான். ஏழு நாட்டைப் பத்து நாளில் பார்த்தவருக்கு ப்ராக்கில் கிடைத்தது பேருந்து ஜன்னலும், மதியம் ஓர் இந்திய ஓட்டல் சாப்பாடும், பாலத்தின் முன்னால் நின்று எடுத்த நாலு படமும்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

அண்ணாச்சி அடுத்த பையை எடுத்தார். ஆறு, வெந்நீர்க் குளம், டிராம், சந்தை.

"மிளகாயா?" என்றார் கிறிஸ்டோபர்.

"மிளகாய்தான் போட்டிருக்கு. அவுக ஊருக் கறிக் கொழம்பே செவப்பாத்தான் இருக்குமாம். ரூம் வாடகை முந்தின லாட்டவிடக் கொறச்சல். சாப்பாடும் அப்படித்தான். பஸ்ஸு ரயில் பாஸ் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். குறை, பாஷை ஒரு எழுத்தும் வெளங்காது. ஒரு காப்பிக்கே ஆயிரக்கணக்குல அவுக நோட்ட எண்ணிக் குடுக்கணும், பாத்தா பதறும்." தாளை மடித்து மேசையில் தட்டினார். "இதுதான்யா சரக்கு. ஏம்மா ஷீலா, வெந்நீர்க் குளத்துல ஒன் முழங்கால் வலியும் சரியாப் போயிரும்."

கிறிஸ்டோபர் இரண்டு பைகளையும் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். வெளியே கடைவீதியில் ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் அவர் யோசித்தார்.

"இந்தக் கல்லுத் தெருவுல இவ நடப்பாளா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அவர் வலது கையின் ஆள்காட்டி விரலை லேசாக உயர்த்தினார். பழைய காலத்தில், கணினி வருவதற்கு முன்னால், அவர் விலை கேட்கும்போது செய்கிற சைகை அது.

"நூத்திப் பதினஞ்சு."

"சொன்னா சொன்னதுதான?" என்றாள் ஜெபஷீலா. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

"என்னைக்கு மாத்தியிருக்கேன்?"

"விஜயா, பேரச் சொல்லு."

விஜய்ராஜ் எழுந்து நின்றே சொன்னான். "நூத்திப் பதினாலு, ப்ராக். நூத்திப் பதினஞ்சு, புடாபெஸ்ட்."

அய்யாத்துரை அண்ணாச்சியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மோர் டம்ளரை வாயருகே வைத்தவர் வைத்தபடி இருந்தார். "ப்ராக்ல ஏதுய்யா கடிகாரம்?" என்றார். பிறகு, "நான் பாத்தப்ப அது ஓடலையோ என்னமோ" என்றார். பிறகு, வெயில் தாழ்வதற்குள் தேனி போக வேண்டும் என்று திடீரென ஞாபகம் வந்து எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் திரும்பி, "கிறிஸ்டோபரு, நல்ல சரக்குத்தான்யா எடுத்திருக்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் கிருபாவைத் தொட்டில் வயசிலிருந்து தெரியும்.

விஜய்ராஜ் அவரை வண்டி ஏற்றிவிடப் போனான். கடையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்.

ஜெபஷீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஜெயித்துவிட்டாள். ஒரு பொய் எழுதாமல், ஒரு வரி மறைக்காமல் ஜெயித்தாள். முப்பது வருஷத்தில் இந்த மனுஷனை அவர் வார்த்தையாலேயே மடக்கிய முதல் நாள் இதுதான். ஆனால் மடங்கிய ஆள் கோபப்பட வேண்டாமா? இவர் சாவகாசமாகக் காலிப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கோவமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"எந்த ஊருன்னு தெரியாமச் சொல்லிட்டீகள்ல."

கிறிஸ்டோபர் நூற்றுப் பதினைந்தாம் பையை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல எத்தன மடிப்பு இருக்கு, எண்ணு."

அவள் பார்த்தாள். பையின் வாயில் காகிதம் மடங்கிய தடங்கள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று.

"அதுல?"

நூற்றுப் பதினான்கில் இரண்டு.

"சரக்கு ஒம் மனசுக்குப் பிடிச்சிருந்தா மூணு மடிப்பு மடிப்ப. மத்ததெல்லாம் ரெண்டு" என்றார் கிறிஸ்டோபர். "கல்யாணமாயி வந்த வருசத்துல இருந்து இப்படித்தான். ஒனக்கே தெரியாது. நீ மூணு மடிப்பு மடிச்ச சரக்க நான் ஒருநாளும் வெல கொறச்சு விட்டதில்ல. நமக்கு அதுல நஷ்டமும் வந்ததில்ல. பையக் கையில எடுத்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

ஜெபஷீலா தன் விரல்களைப் பார்த்தாள். தன் கை இப்படி ஒரு காரியம் செய்கிறது என்று அவளுக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. ஆயிரக்கணக்கான பைகள். அத்தனையையும் இந்த மனுஷன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப தெரிஞ்சேதான் சொன்னீகளா?"

"ம்."

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன? அஞ்சு நாளா என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்துனீகளே."

"மத்த ஊருன்னு சொன்ன வாய வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது அழுக்காக இல்லை. "நீ எப்படியும் ஒரு வழி பண்ணுவன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் ஒண்ணையும் காணோம்னதும் எனக்கே பயமாப் போச்சு."

ஜெபஷீலா அழுதேவிட்டாள். இவரோடு குப்பை கொட்டிய முப்பது வருஷத்தில் அவளுக்கு இவ்வளவு கோபமும் இவ்வளவு ஆசையும் ஒரே நேரத்தில் வந்ததில்லை. அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்குப் பொன்னுராஜ் போனில் வந்தான். மேசை நடுவில் கைபேசியை வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டான் விஜய்ராஜ்.

"புடாபெஸ்ட்டா? சரிண்ணாச்சி, போட்டாச்சு" என்றான் பொன்னுராஜ். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "ஏழு ராத்திரி. ஓட்டலா, தெரிஞ்சவுக வீடா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிறிஸ்டோபர் வியாபாரி. எந்தச் சரக்கையும் ஒரே மூச்சில் எடுத்துப் பழக்கமில்லாதவர்.

"நாலு ராத்திரிக்கு ஓட்டல் போடு."

"மிச்சம் மூணு?"

"அத அங்கன போயிப் பாத்துக்கிருவோம்."

"அப்படியெல்லாம் விட முடியாது அண்ணாச்சி. ஏழு ராத்திரிக்கும் எங்கன தங்குறீகன்னு விசாவுக்குக் காட்டணும். கட்டம் காலியா இருந்தா திருப்பி விட்டுருவாக."

கிறிஸ்டோபர் மேசையில் விரலால் தாளம் போட்டார். இந்த இடத்தில் ஜெபஷீலா ஒரு வார்த்தை சொன்னாலும் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப மூணு ராத்திரிக்கு ஒரு பேரு எழுதிக்க" என்றார் கடைசியில். "கிருபாவதி."

மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயர் அந்தக் கடையில் ஒலித்தது. விஜய்ராஜ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொன்னுராஜுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் பாட்டுக்குத் தட்டினான். "உறவு என்னான்னு போட?"

"மகள்."

"சரி. வீடு அவுக பேர்லயா இருக்கு?"

விஜய்ராஜ்தான் பதில் சொன்னான். வாடகை ஒப்பந்தம் மாமா பேரில், சூரியபிரகாஷ் பேரில்.

"அப்படின்னா அழைப்புக் கடிதத்துல அவுக கையெழுத்து வேணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்பிட்டாப் போதும். எதுக்கும் இப்பவே ஒரு வார்த்தை பேசிருங்க அண்ணாச்சி. யாருன்னு தெரியாம திடுதிப்புனு பேப்பர் கேட்டா நல்லாருக்காதுல்ல." சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஜெபஷீலா நாசூக்காக, "நான் வேணா கிருபாட்டச் சொல்லி வாங்கிரட்டுமா?" என்றாள்.

கிறிஸ்டோபர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்தப் பையனை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் இந்தக் கடை வாசலில் வந்து, "உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்று நின்றான். அன்றைக்கு இவர் பதில் சொல்லாமல் ஷட்டரை இழுத்து மூடினார். பட்டப்பகல் பதினொரு மணிக்கு. கடைவீதியே பார்த்தது.

"கையெழுத்து அவன்தான போடணும்? அப்ப அவங்கிட்டத்தான் கேக்கணும்" என்றார். "விஜயா, அவன் நம்பரப் போடு. இப்ப அங்கன மணி என்ன?"

"பதினொண்ணு இருபதுப்பா. காலைல. லீவு நாளு, வீட்டுலதான் இருப்பாக."

விஜய்ராஜ் எண்ணை அழுத்திக் கைபேசியை நீட்டினான். கிறிஸ்டோபர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. ஜெபஷீலாவும் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

மணி அடித்தது. இரண்டு, மூன்று. நான்காவதில் எடுத்தது ஓர் ஆண் குரல்.

"ஹலோ, யாருங்க பேசுறது?"

கிறிஸ்டோபர் சொந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். கடைப் பெயரும் நுனி நாக்கில் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டார்.

"நான் கிருபா அப்பா பேசுறேன்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. அவனும் எழுந்து நின்றுவிட்டான். கிறிஸ்டோபர் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.